கொருக்குப்பேட்டை கேட்டில் பார்த்த எஞ்சின்: ஒரு டீசல் மாடலை வெட்டி ஒட்டிச் செய்யும் முறை

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் பெரியவர்கள் எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு மணி பார்ப்பார்கள். அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது திருவிழா. முதலில் தரை லேசாக அதிரும். அப்புறம் டீசல் வாசனை. அதற்குப் பிறகுதான் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு டபிள்யூடிஎம்-2 எஞ்சின் ஊர்ந்து வரும். பக்கவாட்டில் நீளமாக ஓடும் கைப்பிடிக் கம்பி, அதைப் பிடித்தபடி படியில் நிற்கும் பாயின்ட்ஸ்மேன், கீழே கறுத்துப்போன சக்கரங்கள். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த உருவம்தான் வருகிறது.

அந்த எஞ்சினை மேசைமேல் ஓடவிட ஆசைப்பட்டுச் செய்ததை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் வாங்கிய ஒரு மாடலை வெட்டி, வேறு பாகங்களைச் சேர்த்து, இன்னொரு எஞ்சினாக மாற்றுவதைக் கிட்பேஷ் என்பார்கள். கடையில் கிடைக்காத சின்னச் சின்ன பாகங்களை ஷீட்டிலும் கம்பியிலும் நாமே செய்துகொள்வது ஸ்கிராட்ச் பில்ட். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வேலை. அளவு எச்ஓ, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு.

எதை வெட்டலாம் என்று யோசித்துக்கொண்டு கத்தியை எடுக்காதீர்கள். எதைத் தொடவே கூடாது என்று முதலில் ஒரு தாளில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். என் முதல் எஞ்சினில் நீளம் மூன்று மில்லிமீட்டர் குறைகிறதே என்று உலோக அடிச்சட்டத்தையே அறுத்து நீட்டினேன். மோட்டாரும் கியருக்குப் போகும் தண்டும் நேர்கோட்டில் இருந்து விலகிவிட்டன. அது கடைசிவரை கரகரவென்று சத்தம் போட்டபடியே ஓடி, ஒருநாள் நின்றுவிட்டது. அடிச்சட்டம், மோட்டார், கியர், சக்கரங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள் ஆகிய நான்கும் என் தாளில் இப்போது இருக்கின்றன. மேலே என்ன வேண்டுமானாலும் செய்வேன், அவற்றைத் தொடமாட்டேன்.

தாய் மாடல்

டபிள்யூடிஎம்-2 என்ற பெயரிலேயே விவரம் இருக்கிறது. டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல், எம் என்றால் சரக்கு, பயணிகள் இரண்டு வண்டிக்கும் பொது. 2,600 குதிரைத்திறன், 16 சிலிண்டர், ஆறு அச்சு. 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்தது. 1964 முதல் வாரணாசி தொழிற்சாலையில் நாமே கட்டத் தொடங்கினோம். 1969-இல் ஆல்கோ எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. வாரணாசியில் இந்த வகை 1990-கள் வரை தொடர்ந்தது.

இந்தக் கதை நமக்குத் தேவைப்படுவது தாய் மாடலை, அதாவது வெட்டி மாற்றுவதற்காக வாங்கும் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது. ஒரே வீட்டில் பிறந்த எஞ்சின்களுக்கு ஜாடை இருக்கும். ஆல்கோவின் பழைய அமெரிக்க எஞ்சின்களான ஆர்எஸ்டி-4, ஆர்எஸ்டி-5 இரண்டிலும் நம் எஞ்சினின் அமைப்பு அப்படியே தெரியும். முன்னே குட்டை ஹூட் (இயந்திரங்களை மூடும் பெட்டி போன்ற கூடு), அடுத்து கேப் எனும் டிரைவர் அறை, அப்புறம் நீண்ட ஹூட், அதன் கடைசியில் ரேடியேட்டரும் பெரிய விசிறியும். போகியும், அதாவது அச்சுகளும் சக்கரங்களும் பொருத்திய அடிவண்டியும், அதே குடும்பம்தான். மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. ஒரு பக்க இடைவெளி கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். கேட்டில் நின்று பார்த்தவர் கண்ணுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பழகிப்போயிருக்கும். சம இடைவெளி போகி வைத்தால் என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ‘நம்ம எஞ்சின் மாதிரி இல்லையே’ என்று தோன்றும்.

அட்லஸ் நிறுவனம் ஆர்எஸ்டி-4/5 மாடலை எச்ஓ அளவில் செய்திருக்கிறது. புதியது வேண்டாம். மேல்கூடு உடைந்து, கைப்பிடி போன பழைய மாடல் கிடைத்தால் அதுவே நல்லது, விலையும் குறையும், வெட்டும்போது மனசும் பதறாது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள். வாங்குவதற்கு முன் 12 வோல்ட் டிசி கொடுத்து இரண்டு திசையிலும் ஓடுகிறதா, ஆறு அச்சும் சுற்றுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். அது கிடைக்காமல், சம இடைவெளி போகி உள்ள வேறொரு ஆறு அச்சு எஞ்சின்தான் கிடைத்தது என்றால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். வெளியே தெரியும் பக்கச்சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்து, முடிந்தவரை ஏமாற்ற வேண்டியிருக்கும்.

அளப்பது

எஞ்சினின் இரண்டு முனையிலும் மோதலைத் தாங்கும் குமிழ்கள்தான் பஃபர். அசல் எஞ்சின் பஃபர் முனையிலிருந்து பஃபர் முனைவரை 17,120 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 197 மி.மீ. அகலம் 2,864, மாடலில் 33 மி.மீ. தண்டவாளத்திலிருந்து உயரம் 4,185, மாடலில் 48 மி.மீ. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092, மாடலில் 12.5 மி.மீ. தாய் மாடலின் சக்கரம் கொஞ்சம் சின்னது, ஏனென்றால் அமெரிக்க ஆல்கோவில் 40 அங்குலச் சக்கரம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். போகிகளுக்கு இடையிலான தூரம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலும் விட்டுவிடுங்கள். மொத்த நீளத்தில் வரும் வித்தியாசத்தை, பஃபர்களைத் தாங்கும் குறுக்குச்சட்டமான பஃபர் பீமின் தடிமனில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஹூட் கதவு எவ்வளவு உயரம், ஜன்னல் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் எங்கே கிடைக்கும்? ஒரு நல்ல பக்கவாட்டுப் புகைப்படம் போதும். சக்கரம்தான் உங்கள் ஸ்கேல். புகைப்படத்தில் சக்கரம் 21 மி.மீ., கதவு 35 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35-ஐ 21-ஆல் வகுத்து 12.5-ஆல் பெருக்கினால் 20.8 மி.மீ. அதுதான் மாடலில் கதவின் உயரம். படம் எஞ்சினுக்கு நேர் எதிரே நின்று எடுத்ததாக இருக்க வேண்டும், சாய்ந்த படத்தில் கணக்கு பிசகும். ஓடி ஓடித் தேய்ந்த சக்கரம் கொஞ்சம் சின்னதாகிவிடும் என்பதால், மொத்த நீளத்தையும் இதே முறையில் போட்டு 197 வருகிறதா என்று சரிபாருங்கள்.

இந்த வகை எஞ்சின் கண்ணில் படுவது இப்போது அரிது; வந்தால் பக்கவாட்டைப் பார்க்க கேட்டும் பிளாட்பாரமும் போதும். கூரையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறுங்கள். இதை ரொம்ப பேர் மறந்துவிடுகிறார்கள். தெருவில் நிற்பவருக்கு எஞ்சினின் கூரை தெரியவே தெரியாது. ஆனால் மேசைமேல் வைத்த மாடலில் முதலில் கண்ணில் படுவதே கூரைதான். விசிறி, புகைபோக்கி, ஹாரன் எல்லாம் எந்த இடத்தில், எந்த வரிசையில் என்பதை மேலிருந்து பார்த்து ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். தண்டையார்பேட்டை டீசல் ஷெட், கொருக்குப்பேட்டை யார்டு, பேசின் பிரிட்ஜ் எல்லாம் நமக்குப் பக்கத்தில்தான் என்றாலும் தண்டவாளப் பகுதிக்குள் இறங்காதீர்கள். சட்டப்படி குற்றம். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி வேறு போகிறது. பஃபர், வண்டிகளை இணைக்கும் ஸ்குரூ கப்ளிங் போன்றவற்றை ஒரு அடி தூரத்தில் நின்று பார்க்க ஐசிஎஃப் பக்கத்திலிருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

இனி ஒரு சங்கடமான கணக்கு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. தான், ஏனென்றால் அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பாதையின் அளவு. சக்கரத்தை நகர்த்தி அகலப்பாதை ஆக்கலாம். அப்போது தண்டவாளம் முழுவதையும் கையாலேயே போட வேண்டும். முதல் எஞ்சினுக்கு அது வேண்டாம். போகியின் பக்கச்சட்டத்தை இரண்டு பக்கமும் சுமார் 1.4 மி.மீ. வெளியே தள்ளி ஒட்டினால், எஞ்சின் அகலமாகக் கால் பரப்பி நிற்பது போலத் தெரியும். நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

சாமான் வாங்குமிடம்

வடசென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம், நுனி கூரான சாமணம், மயிரிழை ரம்பம் மூன்றையும் வாங்கிவிடுங்கள். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துளைக்கும் 0.5 மி.மீ. பிட்டுகளும் அதைக் கையால் சுற்றும் பின் வைஸும் கிடைக்கும். கூடவே எல்ஈடி, ரெசிஸ்டர். கட்டட மாடல் செய்யும் மாணவர்கள் வாங்கும் கடைகளில் ஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் ஷீட் கேளுங்கள். ஹிப்ஸ் என்றும் சொல்வார்கள். 1 மி.மீ., 0.5 மி.மீ. இரண்டும் வேண்டும். நுரை மாதிரி மெத்தென்று இருக்கும் சன்போர்டைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் கூர்மையான ஓரம் வராது.

கைப்பிடிக் கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடை எல்லா ஏரியாவிலும் இருக்கிறது. வியாசர்பாடியில் நான் போகும் கடையில் முதல்முறை கேட்டபோது அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த மோட்டருக்கு தம்பி?”

“மோட்டருக்கு இல்லண்ணே, பொம்மை ரயிலுக்குக் கைப்பிடி செய்யணும். இருபத்தெட்டு கேஜ், அஞ்சு மீட்டர் போதும்.”

“அஞ்சு மீட்டருக்கு இன்னா காசு வாங்கறது? எட்த்துக்கினு போ. செஞ்சதும் காட்டு.”

28 கேஜ் கம்பி 0.38 மி.மீ. தடிமன். 87-ஆல் பெருக்கினால் 33 மி.மீ., கைக்கு அடங்கும் குழாயின் தடிமன். இந்தக் கம்பியை நேராக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு முனையை வைஸில் கவ்வவிட்டு, மறுமுனையைக் குறடால் பிடித்து, கம்பி லேசாக நீள்வது கையில் தெரியும்வரை மெல்ல இழுங்கள். நூல் பிடித்த மாதிரி நேராகும், விறைப்பும் ஏறும். மேலே பூசியிருக்கும் வார்னிஷைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் சால்டர் செய்து பற்றவைக்க வேண்டும்.

மூர் மார்க்கெட் பக்கம் போனால் பழைய ரேடியோ ஏரியல் ஒன்று வாங்குங்கள். இழுத்து நீட்டும் அந்த ஏரியல், ஒன்றுக்குள் ஒன்று போகும் பித்தளைக் குழாய்கள்தான். பஃபரின் கழுத்துக்கும் புகைபோக்கிக்கும் ஹாரனுக்கும் வேண்டிய விட்டங்கள் எல்லாம் அந்த ஒரே ஏரியலில் இருக்கின்றன.

வெட்டும் வேலை

கத்திக்கு முன்னால் ஒரு நாள் செலவழித்துக் காகிதத்தில் எஞ்சினைக் கட்டிப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமையானது. இரண்டு ஹூட்டையும் கேப்பையும் அட்டையில் வெட்டி செல்லோ டேப்பால் ஒட்டி, தாய் மாடலின் அடிச்சட்டத்தின்மேல் உட்காரவைத்துத் தள்ளி நின்று பாருங்கள். ஹூட் மோட்டார்மேல் இடிக்கிறதா, கேப் சரியான இடத்தில் வருகிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். ஹூட்டின் உள் அகலம் மோட்டாரையும் சர்க்யூட் போர்டையும் விட இரண்டு மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும்.

தாய் மாடலின் மேல்கூட்டிலிருந்து கால்மிதிப் பலகையையும், முடிந்தால் கேப்பின் அடிப்பகுதியையும் வைத்துக்கொள்கிறோம். ஹூட் இரண்டும் போகும். ஆர்எஸ்டி ஹூட்டின் கூரை விளிம்பு வழவழவென்று உருண்டிருக்கும், நம்முடையது கட்டையாக, உயரமாக இருக்கும். அதை அரத்தால் ராவிச் சரிசெய்ய முடியாது. மயிரிழை ரம்பத்தால் வேண்டிய கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவாருங்கள். சூடான கத்தியால் வெட்ட வேண்டாம். ஓரம் உருகி வீங்கிவிடும், புகையும் கெட்டது.

புது ஹூட்டுக்கு 1 மி.மீ. ஷீட். ஸ்டைரினை முழுக்க அறுக்கத் தேவையில்லை. இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் இரண்டு மூன்று முறை கோடு இழுத்து மடக்கினால் டக்கென்று நேராக உடையும். இரண்டு பக்கச் சுவர்களையும் டேப்பால் ஒன்றாக ஒட்டி ஒரே நேரத்தில் ராவினால் இரண்டும் ஒரே அளவில் வரும். உள்ளே 30 மி.மீ.க்கு ஒரு குறுக்குத் தடுப்பு வையுங்கள், மோட்டார் இருக்கும் இடத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். தடுப்பு இல்லாத ஹூட் ஒரு மாதத்தில் வாழைமட்டை மாதிரி வளைந்துவிடும்.

ஒட்டுவதற்கு ஸ்டைரினைக் கரைத்துச் சேர்க்கும் மாடல் சிமென்ட் வேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, நுனித் தூரிகையால் இடுக்கில் ஒரு தொடு தொட்டால் போதும், பசை தானே உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். இராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். மூடிய பெட்டியாக ஒட்டினால் உள்ளே சிக்கிய ஆவி சுவரை மெதுவாக இளக்கிவிடும், அதனால் அடியில் காற்று போக வழி விடுங்கள். பித்தளைக்கும் கம்பிக்கும் பெவிக்விக், பாரம் தாங்கும் இடத்துக்கு அரால்டைட். கேப் கண்ணாடி வைத்த பிறகு அதன் பக்கத்தில் பெவிக்விக்கைக் கொண்டுபோகாதீர்கள், ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும்.

கதவும் கம்பியும்

இந்தப் பகுதிக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன். நீண்ட ஹூட்டின் பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள். உள்ளே இருக்கும் எஞ்சினைத் திறந்து பார்க்கும் கதவுகள் அவை. புதிதாக வருகிறவர்கள் ஷீட்டில் கத்தியால் கோடு கிழித்துக் கதவு என்று விட்டுவிடுகிறார்கள். அசலில் கதவு ஒரு தகடு. ஹூட்டின் மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். சாதாரண 80 ஜிஎஸ்எம் பிரிண்டர் தாள் 0.1 மி.மீ. தடிமன். எச்ஓ கணக்கில் அது 9 மி.மீ. ஆகிறது. அந்தத் தாளில் கதவை வெட்டி, ஹூட்டின்மேல் வைத்து, விளிம்பில் ஒரு சொட்டு பெவிக்விக் விடுங்கள். தாள் அதை உறிஞ்சிப் பிளாஸ்டிக் மாதிரி இறுகும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தடவினால் நார் அடங்கும். பெயிண்ட் அடித்து விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் மயிரிழை நிழல் விழும். அந்த நிழலை முதன்முதலில் பார்த்த ராத்திரி நான் தூங்கப் போகவே மணி இரண்டு ஆகிவிட்டது.

கதவுப் பிடிக்கு 28 கேஜ் கம்பியில் சின்ன ‘ப’ வடிவத் துண்டுகள். ஒவ்வொன்றாக வளைத்தால் ஒன்று போல் ஒன்று வராது. இரண்டு மில்லிமீட்டர் அகலமான ஒரு பித்தளைத் துண்டின்மேல் வைத்து மடக்கினால் எல்லாம் ஒரே அளவு.

பக்கவாட்டு நீளக் கைப்பிடிதான் கேட்டில் நிற்பவர் முதலில் பார்ப்பது. அதைத் தாங்கும் தூண்களுக்கு இன்னும் மெல்லிய கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கம்பியைச் சுற்றி அதை மடித்து, இரண்டு வாலையும் சேர்த்துப் பின் வைஸில் பிடித்து, நான்கைந்து சுற்று முறுக்குங்கள். உச்சியில் ஒரு கண், கீழே முறுக்கிய தண்டு. அதுதான் தூண். கால்மிதிப் பலகையில் ஓட்டை போடும் முன், ஒரு மரச்சட்டத்தில் தூண்களின் இடைவெளியை ஊசிகளால் குறித்து அச்சு செய்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்து ஓட்டை போட்டால் கடைசித் தூணுக்கு வரும்போது ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், அந்த ஒரு மில்லிமீட்டர் எஞ்சின் முழுவதையும் கோணலாகக் காட்டும். தூணையும் கம்பியையும் பற்றவைப்பதாக இருந்தால், பிளாஸ்டிக்கில் செருகுவதற்கு முன் அந்த மர அச்சிலேயே வைத்துப் பற்றவைத்துவிடுங்கள்.

கூரை விசிறியின் வலைக்கு இரும்பு டீ வடிகட்டி. கண் மிக நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து வாங்கி, வட்டமாக வெட்டி, மேலே ஒரு கம்பி வளையம் வையுங்கள். ரேடியேட்டர் ஷட்டருக்கு 0.5 மி.மீ. ஷீட்டில் மெல்லிய கீற்றுகள் வெட்டி, ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து ஒட்ட வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் இரண்டு போகிக்கும் நடுவே டீசல் டேங்க். அசலில் 5,000 லிட்டர் பிடிக்கும். ஷீட்டில் பெட்டி கட்டினால் போதும். காற்றுச் சிலிண்டருக்கு உருண்டைப் பென்சிலை வெட்டி, மரத்துளை அடைய பெவிக்விக் தடவி ராவிக்கொள்ளுங்கள். பஃபர் தலைக்குப் பெரிய தலையுள்ள ஆணி, கழுத்துக்கு ஏரியல் குழாய். பால்பேனா ரீஃபிலை வெட்டி வைக்கலாமே என்று தோன்றும். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது, கழன்று விழும். பிரேக் ஹோஸுக்கு பழைய ஹெட்போன் வயரின் உள்ளே இருக்கும் மெல்லிய கறுப்பு வயர்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் இருக்கிறார். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எஞ்சினைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்க. சேண்டு பைப் எங்கப்பா?”

“அது சின்னதுதானே சார், கீழ மறைஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.”

“சின்னதா? மழை பேஞ்ச தண்டவாளத்துல, பின்னாடி அம்பது வேகன இழுக்கறப்ப சக்கரம் சும்மா சுத்தும். மணல் விட்டாத்தான் வண்டி நவுறும். அது இல்லாம எப்டி ஷெட்ட விட்டு வெளிய வருவ?”

சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின்மேல் மணல் தூவும் குழாய் அது. அன்றைக்கே மெல்லிய கம்பியை வளைத்து, போகிச் சட்டத்திலிருந்து சக்கரத்தின் ஓரம்வரை இறக்கினேன். போகியோடு சேர்த்து ஒட்டுங்கள், மேலே உடம்போடு ஒட்டினால் வளைவில் போகி திரும்பாது. உங்கள் பக்கத்திலும் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் கட்டாயம் இருப்பார். பெரம்பூர், அயனாவரம், தண்டையார்பேட்டையில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். பெயிண்டுக்கு முன் காட்டுங்கள். பெயிண்டுக்குப் பின் காட்டினால் திருத்துவது கஷ்டம்.

பெயிண்ட்

எந்த நிறம் என்று என்னைக் கேட்பார்கள். ஷெட்டுக்கு ஷெட், வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறியிருக்கிறது. ஒரே ஒரு எஞ்சின் எண்ணை எடுத்துக்கொண்டு, ஒரே காலத்துப் படங்களை மட்டும் பார்த்து அடியுங்கள். அழுக்கும் அப்படித்தான். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் இரும்புத்தாதும் நிலக்கரியும் ஏற்றி இறக்கினார்கள். அந்தக் காலத்து எஞ்சின் என்றால் போகியில் செம்பழுப்பும் கறுப்பும் சேர்ந்து படிந்திருப்பதாகக் காட்டலாம். அதற்குப் பிந்தைய எஞ்சின் என்றால் பிரேக் தூசியின் பழுப்பு மட்டும் போதும்.

கார், பைக்குக்கு அடிக்கும் லேக்கர் ஸ்பிரேயை நேரடியாக ஸ்டைரின்மேல் அடிக்காதீர்கள். என் இரண்டாவது எஞ்சினின் கேப் அப்படித்தான் அப்பளம் மாதிரி சுருங்கிப்போனது. அதிலிருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்ட் பாதுகாப்பானது. முதலில் சாம்பல் நிற பிரைமரை மெல்லியதாக அடியுங்கள், ராவிய கீறல்கள் எல்லாம் அப்போதுதான் தெரியும். வெளிர் நிறம் முதலில், அது காய்ந்ததும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடர் நிறம். டேப்பின் ஓரம் பிசிறாக இருக்கும். கண்ணாடிமேல் ஒட்டி, பிளேடால் புதிய ஓரம் வெட்டி எடுத்துக்கொண்டால் கோடு கத்தி மாதிரி விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே வேலையே வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்ட் பால் மாதிரி வெளுத்துப்போகும். மற்ற மாதங்களில் கடல்காற்று திரும்புவதற்கு முன், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். அடித்ததும் பெரிய டப்பா ஒன்றால் மூடிவையுங்கள், எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் அவசியம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்ணும் எழுத்தும் டிகால் தாளில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாளில் அச்சடிக்க வேண்டும். சாதாரண பிரிண்டர் வெள்ளையை அச்சடிக்காது. அதனால் சிவப்பின்மேல் வெள்ளை எழுத்து வேண்டுமானால், வெள்ளை டிகால் தாளில் சுற்றிலும் அதே சிவப்பை அச்சடித்து எழுத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். அச்சின் சிவப்பும் பெயிண்டின் சிவப்பும் ஒத்துப்போகும்வரை நாலைந்து முறை அடித்துப் பாருங்கள்.

ஓட்டம்

முன்விளக்குக்கு இரண்டு வெள்ளை எல்ஈடி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் மைனஸோடு சேரும்படி எதிரெதிராக இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து மோட்டாருக்கு வரும் வயர்களில் கொடுங்கள். டிசியில் ஓடும்போது எந்தத் திசையில் போகிறதோ அந்தப் பக்க விளக்கு மட்டும் எரியும். தலைகீழ் மின்னழுத்தத்திலிருந்து ஒன்றை மற்றொன்று காப்பாற்றவும் செய்யும்.

புது ஹூட் பழையதைவிட இலேசாக இருந்தால் சக்கரம் வழுக்கும். காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் கடைகளில் ஈயக்குண்டு எடைபோட்டுக் கொடுப்பார்கள். சுத்தியலால் தட்டையாக்கி, இரண்டு போகிகளுக்கும் மேலே சமமாகப் பிரித்து அரால்டைட்டில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றினால் மறுபக்கச் சக்கரம் மின்சாரம் எடுக்காமல் எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் டீ குடியுங்கள்.

படிக்கட்டையும் முன்னால் இருக்கும் மாட்டுத்தடுப்பையும் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். அதற்கு முன் உங்களிடம் இருப்பதிலேயே குறுகிய வளைவில் ஓட்டிப் பாருங்கள். 18 அங்குல ஆரமுள்ள வளைவில் ஆறு அச்சு எஞ்சின் திணறும், 22 அங்குலம் இருந்தால் நல்லது. போகி எங்கே இடிக்கிறது என்று தெரிய, பக்கச்சட்டத்தின் ஓரத்தில் பென்சில் கரியைத் தடவி ஒரு சுற்று விடுங்கள். கரி ஒட்டிய இடத்தை அரத்தால் எடுத்துவிட்டுப் படிக்கட்டை ஒட்டுங்கள்.

பிறகு அரை மணி நேரம் முன்பக்கம், அரை மணி நேரம் பின்பக்கம், மெதுவான வேகத்தில் எதையும் இழுக்காமல் ஓடட்டும். நம் ஊர் உப்புக்காற்றில் தண்டவாளம் ஒரே வாரத்தில் மங்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துவிட்டு, எஞ்சினை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எடுத்துவையுங்கள். புது மருந்து பாட்டில்களில் வருமே, அந்தப் பொட்டலமே போதும்.